பவளத் தொட்டிக்கு நீரோட்ட பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

பவளத் தொட்டி வைக்கத் துணிந்தவர்கள் விளக்கைப் பற்றி வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். உப்பின் தரம், கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் அளவு, தொட்டி நிற்கும் ஸ்டாண்டின் பலம் என்று எல்லாவற்றையும் அலசுகிறார்கள். நீரைச் சுழற்றும் பம்ப் என்று வரும்போது மட்டும் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: மணிக்கு எத்தனை லிட்டர்? தொட்டியின் கொள்ளளவை இருபதாலோ முப்பதாலோ பெருக்கி, அந்த எண் அச்சிட்ட பம்பை வாங்கிக் கண்ணாடியில் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று கடைக்காரரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்தை மறுத்து எழுதப்படுகிறது. பெட்டியில் உள்ள எண் பம்பின் வாயைக் கடந்து போகும் நீரின் அளவு. பவளத்தின் மேல் நீர் என்ன வேகத்தில், எந்தப் பக்கமிருந்து, எப்படி மாறி மாறி வந்து படுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. பவளம் தழைப்பதும் கருகுவதும் இந்த இரண்டாவது கணக்கைப் பொறுத்தே நடக்கிறது. எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை பம்பின் வாய் அகலம், அது நீரைப் பரப்பும் விதம், வேகத்தை மாற்றும் வசதி, மின்சாரம் போனால் ஓடும் வழி ஆகியவை. லிட்டர் கணக்கு அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

முதலில், ஓட்டம் எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மீன் தனக்கு வேண்டிய இடத்துக்கு நீந்திப் போகும். பவளம் ஒட்டிய இடத்திலேயே இருக்கும். அது மூச்சுவிடுவதும் உண்பதும் கழிவை வெளியேற்றுவதும் தன் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியாகத்தான். எந்தப் பொருளின் மீதும் நீர் ஓடும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டிய அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்த அடுக்குக்குள் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஊடுருவிப் பரவித்தான் கடக்க வேண்டும், அது மிக மெதுவான பயணம். ஓட்டம் கூடினால் அந்த அடுக்கு மெலியும், பரிமாற்றம் விரைவாகும். 1988இல் டென்னிசன், பார்ன்ஸ் இருவரும் அக்ரோபோரா பவளத்தை வைத்துச் செய்த ஆய்வில், நீரைக் கலக்காமல் விட்டபோது அதன் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் குறைந்ததைக் காட்டினார்கள். வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் அப்படி நடந்தது என்பதுதான் தொட்டி வைப்பவர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

இதற்குக் காரணமும் தெரியும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் பகலில் ஆக்சிஜனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கின்றன. அது வெளியேறாமல் திசுவில் தேங்கினால், கார்பனைப் பிடிக்க வேண்டிய ருபிஸ்கோ என்ற நொதி ஆக்சிஜனைப் பிடிக்கத் தொடங்கி ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கிறது. ஓட்டம் கூடும்போது இந்த ஆக்சிஜன் வெளியேறுவதால்தான் ஒளிச்சேர்க்கை உயர்கிறது என்று தாலி மாஸும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் நிறுவினார்கள். இயற்கையிலும் இதற்குச் சான்று உண்டு. 1998இல் கடல் நீர் சூடேறி உலகெங்கும் பவளங்கள் வெளுத்தபோது, ஜப்பானின் ஒக்கினாவா பகுதியில் ஓட்டம் மிகுந்த இடங்களில் இருந்தவை கூடுதலாகப் பிழைத்தன. நாகமுராவும் வான் வோசிக்கும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே இனப் பவளம் வேகமான ஓட்டத்தில் வெப்பத்தைத் தாங்கியதையும், நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர் மட்டுமே நகரும் நீரில் மடிந்ததையும் காட்டியது. கோடையில் தொட்டி சூடேறும் ஊர்களில் வாழும் நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஓட்டம் நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு மாற்றாகாது. ஆனால் வெப்பம் ஒரு பாகை கூடும் நாளில் பவளம் தாங்குமா என்பதில் அதற்குப் பங்குண்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பவளம் தன் தோலில் உள்ள நுண்ணிழைகளை அசைத்துத் தானே நீரைச் சுழற்றிக்கொள்கிறது என்று 2014இல் ஷப்பீரோ குழுவினர் படம்பிடித்துக் காட்டினார்களே, பிறகு பம்புக்கு ஏன் இத்தனை கவலை? அந்தக் கண்டுபிடிப்பு உண்மையானது, அழகானதும்கூட. ஆனால் அந்தச் சுழல்கள் ஓரிரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவை தோலருகே உள்ள நீரைச் சற்று மேலே உள்ள நீரோடு கலக்கும். சற்று மேலே உள்ள நீரே தேங்கிக் கிடந்தால், பழைய நீரையே திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து புது நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை பம்பினுடையது.

ஆக, நமக்கு வேண்டியது பவளத்தின் அருகே நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற வேகம். பெட்டியில் உள்ள லிட்டர் கணக்கு இதற்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று ஒரு தொட்டியை வைத்துப் பார்ப்போம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது பரவலாக வாங்கப்படும் அளவு. 55 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி, பாறைகள் அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 350 லிட்டர் தேறும். அகலத்தின் ஒரு பாதியில் நீர் வலப்பக்கம் போய் மறு பாதியில் திரும்பி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள அந்தப் பாதையில் எல்லா நீரும் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகர வேண்டுமானால், மணிக்கு 59,000 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். அது தொட்டி நீரைப் போல 170 மடங்கு. கடைக்காரர் சொன்ன இருபது மடங்கு, அதாவது 7,000 லிட்டர், அப்படியே பரவினால் கிடைக்கும் வேகம் நொடிக்கு 1.2 சென்டிமீட்டர், ஏறக்குறைய தேங்கிய நீர். ஆனால் 7,000 லிட்டர் பம்ப் வைத்த தொட்டிகளில் நீர் அதைவிட நன்றாகவே ஓடுகிறது. அந்த மீதி ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிட்டால், எந்தப் பம்பை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

பம்பிலிருந்து வெளிவரும் தாரை தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. போகப் போக அது ஒரு கூம்பாக விரிகிறது. தடையற்ற நீரில் அந்தக் கூம்பின் விரிவு ஏறக்குறைய 24 பாகை. 60 சென்டிமீட்டர் தள்ளி அதன் குறுக்களவு ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஆகிவிடும். நடுவேகம் தொலைவுக்கு ஏற்பக் குறையும், இழுக்கப்படும் நீரின் அளவு தொலைவுக்கு ஏற்பக் கூடும். பெட்டியில் உள்ள எண் இந்த இழுவை நீரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இப்போது மணிக்கு 4,000 லிட்டர் தரும் இரண்டு பம்புகளை ஒப்பிடுவோம். ஒன்றின் வாய் 2.5 சென்டிமீட்டர், மற்றதன் வாய் 5 சென்டிமீட்டர். முதலாவதில் நீர் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பாய்ந்து வருகிறது. தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் பீய்ச்சுவது போல. இரண்டாவதில் வேகம் அதில் நான்கில் ஒன்று, நொடிக்கு 57 சென்டிமீட்டர். அந்தக் குறுகிய தாரைக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் எந்தப் பவளத்தையும் வைக்க முடியாது. திசு எலும்பை விட்டுக் கிழிந்து வரும். மின்சாரத்தின் பக்கம் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. ஒரே அளவு நீரைக் குறுகிய வாய் வழியாகத் தள்ளுவதற்கு, தாரையில் மட்டும் பதினாறு மடங்கு ஆற்றல் செலவாகிறது. திருப்பிச் சொன்னால், அதே ஆற்றலைச் செலவிட்டால் அகன்ற வாய் இரண்டரை மடங்கு நீரை நகர்த்தும்.

குறுகிய வாய் கொண்ட பழைய பவர்ஹெட்டுகள் மெல்ல ஓரங்கட்டப்பட்டு, விசிறி இதழ் வைத்த பம்புகள் அவற்றின் இடத்தைப் பிடித்ததற்கு இதுவே காரணம். ஜெர்மனியின் டுன்சே நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஸ்ட்ரீம் வகையும், 2006 வாக்கில் அமெரிக்காவில் வந்த வோர்டெக் வகையும் அகன்ற வாயில் மெதுவாக நிறைய நீரைத் தள்ளும் வழியைப் பின்பற்றின. வோர்டெக்கில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கும், உள்ளே இதழைக் காந்தம் மட்டுமே சுழற்றும். பிறகு வந்த கைர் வகைப் பம்புகள் நீண்ட உருளை வழியாக நீரை ஒரு தாளைப் போல அகலமாக வெளியிடுகின்றன. இவற்றைப் பார்த்துச் செய்த மலிவான சீனத் தயாரிப்புகளும் இன்று எங்கும் கிடைக்கின்றன. கடையில் இரண்டு பம்புகள் ஒரே லிட்டர் எண்ணைக் காட்டினால், வாய் அகன்றதையும், ஒரே எண்ணுக்குக் குறைந்த வாட் காட்டுவதையும் எடுங்கள். வாட்டுக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு வகுத்தல் பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைவிடப் பயனுள்ளது.

மடங்குக் கணக்கை ஆதரிப்பவர்கள், இத்தனை ஆண்டுகளாக அதை வைத்துத்தானே எல்லோரும் நல்ல தொட்டிகளை அமைத்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், முழுக்கத் தவறான விதி இத்தனை காலம் நீடித்திருக்காது. ஒரே வகைப் பம்புகளை, ஏறக்குறைய ஒரே வடிவத் தொட்டிகளில் வைப்பவர்களுக்கு அது முதல் மதிப்பீடாக உதவும். மென்பவளங்களுக்குப் பத்து முதல் இருபது மடங்கு, சிறிய பாலிப் கொண்ட கல்பவளங்களுக்கு முப்பது, நாற்பது மடங்கும் அதற்கு மேலும் என்ற வழக்கு அனுபவத்தில் பிறந்ததே. ஆனால் வடிவம் மாறியதும் அது கைவிட்டுவிடும். மேலே சொன்ன 4 அடித் தொட்டியும், ஒவ்வொரு பக்கமும் 75 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத் தொட்டியும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. நீண்ட தொட்டியில் ஓட்டம் 120 சென்டிமீட்டர் பயணித்துப் பாறைகளைக் கடந்து போக வேண்டும். கனசதுரத்தில் 75 சென்டிமீட்டரில் எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பிவிடும். நடுவில் கோபுரம் போல் பாறை அடுக்கினால் ஒரு தேவை, இரண்டு தீவுகளாகப் பிரித்து நடுவே வழிவிட்டால் வேறொரு தேவை. கொள்ளளவை மட்டும் அறிந்த விதிக்கு இவை எதுவும் தெரியாது.

தொட்டிக்குக் கீழே உள்ள சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பையே பெரிதாக வாங்கி இரண்டு வேலையையும் முடித்துவிடலாமே என்ற எண்ணமும் பலருக்கு வரும். வேண்டாம். அது நீரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டியிருப்பதால் ஆற்றலில் பெரும் பங்கு அதிலேயே கரைந்துபோகிறது. சம்புக்கு மணிக்குத் தொட்டி நீரில் மூன்று முதல் ஐந்து மடங்கு போய்வந்தால் போதும். ஓட்டத்தை உள்ளே இருக்கும் பம்புகள் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்தப் பவளத்துக்கு எவ்வளவு வேகம்? காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்வகைகளுக்கு நொடிக்கு 3 முதல் 7 சென்டிமீட்டர் வரை இதமாக இருக்கும். டார்ச், ஹாமர் என்று கடைகளில் விற்கும் யூஃபிலியா வகைகளுக்கு 5 முதல் 10 வரை, அதுவும் நேராகப் பாயாமல் அசைந்தாடும்படி. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்கள் 15, 20க்கு மேலும் கேட்கும். இவை தொடங்குவதற்கான எண்கள். இறுதித் தீர்ப்பைப் பவளமே சொல்லும். பாலிப்கள் பகலெல்லாம் சுருங்கியே இருந்தாலோ, ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தாலோ, எலும்பின் விளிம்பில் திசு பின்வாங்கினாலோ ஓட்டம் மிகுதி. கிளைகளின் அடியில் தூசி படிந்தாலோ, சளிப் படலம் நாள் முழுக்க ஒட்டியிருந்தாலோ ஓட்டம் போதவில்லை. கூடக் கூட நல்லது என்ற நினைப்பும் தவறு. மிதந்துவரும் இரையைப் பாலிப் பிடிப்பது மிதமான ஓட்டத்தில்தான் நன்றாக நடக்கிறது. வேகம் எல்லை மீறினால் கொம்புகள் மடங்கி இரை நழுவிப் போகும்.

பவளங்களின் பெயர்களைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் கல்பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழாய்ப் பவளம், கடல் விசிறி ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பெயர்த்து வந்தாலும் அது குற்றம், அந்தக் கடலுக்குச் செய்யும் கேடும்கூட. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் வாசகருக்கு நிலைமை வேறாக இருக்கலாம். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் எந்த உயிரையும், உயிருள்ள பாறை என்று விற்கப்படுவதையும் வாங்கும்முன் சட்டத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. செயற்கைப் பாறையும் கடல் மீன்களும் சட்டம் தடுக்காத உயிர்களும் வைத்த தொட்டிக்கும் இந்த அத்தியாயம் அப்படியே பொருந்தும்.

பெரியதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறியதாக இரண்டு வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. விலை கூடும் என்ற மறுப்பு வரும், அது உண்மையும்கூட. ஆனால் ஒற்றைப் பம்ப் எத்தனை பெரியதானாலும் பாறையின் ஒரு முகத்தையே கழுவும். அதன் பின்புறத்தில் நிழல் போல ஓர் அசைவற்ற இடம் உருவாகி, அங்கே கழிவு சேர்ந்து, நைட்ரேட்டும் பாசியும் பெருகும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இருந்தால் இரண்டு தாரைகளும் மோதுமிடத்தில் ஓட்டம் உடைந்து எல்லாத் திசைகளிலும் சிதறும். அவற்றை மாறி மாறி ஓட்டினால், ஒரு மணி நேரம் நிழலில் இருந்த இடம் அடுத்த மணி நேரம் ஓட்டத்தில் இருக்கும். கடலில் அப்படித்தான் நடக்கிறது. அலை வந்து திரும்புகிறது, ஓதம் ஏறி இறங்குகிறது, சோழகம் ஓய்ந்து வாடை தொடங்கினால் நம் கரையோர நீரோட்டமே திசை மாறுகிறது. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தள்ளப்படும் நீரில் பவளம் வளர்ந்ததில்லை. இரண்டு வாங்குவதற்கு மூன்றாவது காரணமும் உண்டு: ஒன்று நின்றுபோனால் மற்றது ஓடும். வெளியூர் போயிருக்கும் நாளில் இதன் அருமை புரியும்.

பொருத்தும்போது பம்புகளை நீர்மட்டத்திலிருந்து ஒரு சாணுக்குள் வைத்து, தாரை சற்று மேல்நோக்கி மேற்பரப்பைக் குலுக்கும்படி திருப்புங்கள். மேற்பரப்பு அசைந்தால்தான் ஆக்சிஜன் உள்ளே வரும். மிகவும் மேலே வைத்தால் காற்றை உறிஞ்சி நுண்குமிழ்களைக் கக்கும். எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஓட்டம் நேர்த் தாரையைவிட மென்மையாகப் பரவும் என்பதால் கண்ணாடியையும் ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம். அடியில் உள்ள மணல் குழி விழுந்தால் கோணத்தை மாற்றுங்கள். வேகத்தைக் குறைப்பது அதற்குப் பிறகு. வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மீன் உணவின் ஒரு சிறு துகளை நனைத்துப் பவளத்தின் அருகே விடுங்கள். 30 சென்டிமீட்டர் கடக்க எத்தனை நொடி என்று கைபேசியில் படம்பிடித்து எண்ணுங்கள். 3 நொடி என்றால் வேகம் 10 சென்டிமீட்டர், 10 நொடி என்றால் 3 சென்டிமீட்டர். பாறைக்குப் பின்னாலும் இதையே செய்யுங்கள். துகள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றால் அதுதான் நீங்கள் தேடிய நிழல்.

அலை முறை பற்றி ஓர் எச்சரிக்கை. பம்பின் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரில் நொடிக் கணக்கைத் திருகித் தொட்டி நீர் முழுவதையும் ஊஞ்சலாட வைக்கலாம். 4 அடித் தொட்டிக்கு அந்த இயல்பான ஆட்டக் காலம் ஏறக்குறைய 1.3 நொடி. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, பவளத்துக்கும் நல்லது. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓரக் கண்ணாடிகளும் சிலிக்கான் ஒட்டுகளும் ஸ்டாண்டும் அசையும் நீரின் எடையைத் தாங்க வேண்டும். உள்ளூரில் ஒட்டித் தந்த, மேல்சட்டம் இல்லாத தொட்டியில் நீர்மட்டம் விரல்கடை அளவுக்கு மேல் ஏறி இறங்க விடாதீர்கள்.

இனி மின்சாரம். ஏ.சி. பம்ப் ஒரே வேகத்தில் ஓடும். விலை குறைவு, பழுதாக அதிகம் இல்லை. டி.சி. பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். விலை கூடுதல், கன்ட்ரோலர் கெடக்கூடும். என் பரிந்துரை டி.சி.தான், காரணம் ஒரு கணக்கு. இதழின் வேகத்தை 70 சதவீதமாகக் குறைத்தால் நீரும் ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறையும். ஆனால் நீரைத் தள்ளச் செலவாகும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். எனவே தேவைக்குச் சற்றுப் பெரிய டி.சி. பம்பை வாங்கிப் பாதி, முக்கால் வேகத்தில் ஓட்டுவது சிறிய பம்பை முழு வேகத்தில் ஓட்டுவதைவிடச் சிக்கனம். சத்தமும் குறையும், தேய்மானமும் குறையும், பவளங்கள் வளர்ந்து ஓட்டத்தை மறைக்கும்போது கூட்டிக்கொள்ள இடமும் இருக்கும். நீருக்குள் மூழ்கிய பம்ப் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத் தொட்டியிலேயே இறங்குகிறது என்பதையும் மறக்கக்கூடாது. மொத்தம் 40 வாட் ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் 400 லிட்டர் நீரை அது ஒரு நாளில் 2 பாகை சூடாக்கிவிடும். அந்த வெப்பத்தை எடுக்கச் சில்லர் வேறு தனியாக மின்சாரம் தின்னும். வெளிநாட்டிலிருந்து ஏ.சி. பம்ப் வருவிப்பவர்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்கப் பெட்டியில் உள்ள எண் 60 ஹெர்ட்ஸுக்கானது. 50இல் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும்.

டி.சி.யின் உண்மையான மதிப்பு மின்தடையின்போது தெரியும். 26 பாகையில் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 350 லிட்டர் தொட்டி முழுவதிலும் 2.3 கிராம்தான் இருப்பு. இரவில் மீனும் பவளமும் பாறையில் உள்ள பாக்டீரியாக்களும் அதை எடுத்துக்கொண்டே இருக்க, மேற்பரப்பு அசையாமல் நின்றால் புதிதாக எதுவும் வராது. கூட்டம் மிகுந்த தொட்டியில் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். கோடை இரவில் இன்னும் சீக்கிரம். விளக்கும் ஸ்கிம்மரும் சில்லரும் நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு பம்ப் மட்டும் ஓடியே ஆக வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட சாதாரண பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே, 5 வாட்டில் ஓடும் 12 வோல்ட் பம்பை எட்டு மணி நேரம் ஓட்டலாம். 24 வோல்ட் பம்பானால் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைக்க வேண்டும், அல்லது அந்த நிறுவனமே தரும் பேட்டரிப் பெட்டியை வாங்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அது சைன் அலை வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சதுர அலை வகையில் ஏ.சி. பம்புகள் உறுமும், சூடேறும், சில நேரம் தொடங்கவே மறுக்கும். தொட்டியின் இரண்டு பம்புகளில் ஒன்றையாவது இந்தக் காப்பு இணைப்பில் நிரந்தரமாக வைத்திருங்கள்.

உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடத்தில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எதையும் இயக்கக்கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. வயர் பிளக்குக்குப் போகும்முன் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் பிளக்கை எட்டாமல் சொட்டிவிடும். காந்தப் பிடிப்பு உள்ள பம்ப் எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடியைத் தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் 10க்கானதைப் பொருத்தினால் ஒருநாள் நழுவி மணலில் விழும். கடல் சாமந்தி நகர்ந்து போய் இதழில் சிக்கினால் அது மட்டுமல்ல, தொட்டியே நாசமாகும். அதை வளர்ப்பவர்கள் நுரைப்பஞ்சு உறை போட்டு ஓட்டம் குறைவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பராமரிப்பில் தவறினால் இத்தனை கணக்கும் வீண். சுண்ணாம்புப் பாசியும் புழுக்களின் குழாய்களும் இதழிலும் உறையிலும் படியப் படிய ஓட்டம் நாளுக்கு நாள் குறைவதைக் கண் கண்டுபிடிக்காது. பவளம் வாடிய பிறகே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் நீரும் சரிபாதி கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் கழுவி மாட்டுங்கள். இரண்டு பம்ப் இருந்தால் ஒன்றைக் கழற்றும்போது மற்றது ஓடும். முதலில் தேய்வது இம்பெல்லர் எனப்படும் இதழும் அதன் அச்சும்தான். அவற்றை மாற்றினால் பெரும்பாலான பம்புகள் மீண்டும் புதிதாக ஓடும். எனவே விலை பேசி முடிக்கும்முன் கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு உதிரி இம்பெல்லர் உங்கள் கடையில் இருக்கிறதா? இருந்தால் அன்றே ஒன்று சேர்த்து வாங்கி வையுங்கள். இல்லை என்றால், பெட்டியில் எந்த எண் அச்சிட்டிருந்தாலும் அந்தப் பம்பை வாங்க வேண்டாம்.